கண்மணிகளுக்கு நடுவே அறுபத்து நான்கு

என் தொழிலில் முகம் என்பது மூன்று எண்கள்.
கண்மணிக்கும் கண்மணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்,
மூக்குக்கு எத்தனை,
காதுவரை கம்பி எத்தனை நீளம்.
மிச்சத்தை நான் பார்ப்பதில்லை என்றுதான்
பதினொரு வருடமாய்ச் சொல்லி வந்தேன்.

காலி வீதியில் கடை. பின்னால் தண்டவாளம், அதற்குப் பின்னால் கடல்.
உப்புக்காற்று சட்டத்தின் ஆணியைத் தின்னும்.
அதனால் வெள்ளவத்தையில் எல்லோரும்
வருடத்துக்கு ஒருமுறையாவது
முகத்தை என்னிடம் நீட்டித்தான் ஆகவேண்டும்.

தவயோகராசாவும் நீட்டுவார்.
அறுபத்து நான்கு. பதினெட்டு. நூற்று நாற்பது.
வாயோரம் ஒரு மடிப்பு,
பஸ்ஸில் லேஞ்சி போட்டு இடம் பிடிப்பதுபோல
சிரிப்புக்கு முன்கூட்டியே இடம் பிடித்தபடி.
(மிச்சத்தையும் பார்த்துத்தான் இருக்கிறேன்.)

போயாவுக்கு முதல்நாள் மீன்கடை வரிசையில்
சுகிர்தமலர் சொன்னாள்:
"மூன்றாம் மாடி. அந்த மனுசன்தான்.
அட்டனில இருந்து வேலைக்கு வந்த பிள்ளை,
பதினைஞ்சு வயசும் இராது.
தோசைக்கரண்டியைச் சூடாக்கி...
பொலிஸ் வந்துதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது."
என் பையில் இருந்த பாரைமீனின் தண்ணீர்
செருப்பில் சொட்டிக்கொண்டே இருந்தது.

அடுத்தமுறை அவர் வந்தபோது
யாரோ இரவோடு இரவாய் அந்த முகத்தைத் திருத்தியிருந்தார்கள்.
கண்கள் கிட்டக் கிட்ட வந்திருந்தன.
சத்தியமாக.
அளவுகோலை மூக்கில் வைத்து
ஒரு கண்ணை மூடி அளந்தேன்: அறுபத்து நான்கு.
நம்பாமல் திரும்பவும் அளந்தேன்.
அந்த மடிப்பு, அது சிரிப்பே இல்லை,
எதையோ கடித்துப் பிடித்திருக்கும் தாடை.
இவ்வளவு நாள் எப்படித் தெரியாமல் போனது?
"என்ன பிள்ளை, பவர் கூடிப்போச்சோ?" என்றார்.
பல்லுக்கூட நீளமாய் இருந்தது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்கிறார்கள்.
யாருடைய அகம் என்று
பழமொழியில் இல்லை.

பிறகு கோர்ட்டில் பெயர் வாசித்தார்கள்.
மூன்றாம் மாடிதான். எதிர்க்கதவு.
முருகவேள் டொக்டர்.
அறுபத்தொன்று, இருபது, நூற்று நாற்பத்தைந்து.
சீசனில் எனக்குக் கறுத்தக்கொழும்பான் கொண்டுவந்து தருவார்.
அந்த நெற்றியில் கருணை இருந்தது,
நான்தான் கண்டேன்,
இந்த மேசையில், இந்த லாம்பு வெளிச்சத்தில்.
மாம்பழத்தைத்தான் பார்த்தேனோ என்னவோ.

சுகிர்தமலர் சொன்னதை
நானும் நாலு பேருக்குச் சொல்லியிருந்தேன்.
பார்மசிக்காரன் உட்பட.
அவனிடம் போய், அவர் இல்லையாம், என்றேன்.
"ஆனா ஆளின்ர முழி சரியில்லைத்தானே" என்றான்
மாத்திரை எண்ணியபடி.

பொலிசுக்கு ஃபோன் எடுத்ததே தவயோகராசாதான் என்றும் ஒரு கதை.
அதைக் கேட்ட கணத்தில்
என் கண் அதே தாடையில் துணிவைத் தேடப் போனது.
வெட்கமில்லாத கண்.

இன்றைக்கு வந்திருக்கிறார்.
லென்சை மாற்றி மாற்றிப் போடுகிறேன்.
இதுவா தெளிவு, அதுவா?
"முந்தினது," என்கிறார். "இல்லை, பொறும், இது."
மருதானைப் பக்கம் போகிற ரயில்
சுவரில் எழுத்துகளை உலுக்கிவிட்டுப் போகிறது.
ட, ப, ம.
கண்கள் இன்னும் கொஞ்சம் கிட்டத்தான் இருக்கின்றன.
மடிப்பு, ஒருநேரம் சிரிப்பு,
ரயில் கடந்தபின் தாடை.
உண்மை தெரிந்து இருபது நாளாயிற்று,
அது என் காதில் இருந்து
கண்ணுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

புதுச் சட்டத்தை மாட்டிக்கொண்டு
கண்ணாடி முன் குனிகிறார்.
சட்டத்தில் இருப்பது பவர் இல்லாத வெறும் பிளாஸ்டிக்.
பழையதைக் கழற்றி என் கையில் தந்துவிட்டார்.
கண்ணாடியில் அவருக்கு அவர் ஒரு புகை.

"முகத்துக்குப் பொருந்துதோ?
எனக்கு ஒண்டும் தெரியேல்லை, பிள்ளை.
நீர்தான் பார்த்துச் சொல்லவேணும்."