கொண்டான் கொடுத்தான்

மூன்றாம் கிலோமீட்டர் கம்பம்
காலை ஐந்துக்குக் கண் திறக்கவில்லை.
ஆறுக்கும் திறக்கவில்லை.
தகவல் பலகையில் நேற்றைய எண் மட்டும்
பச்சையாக நின்றது:
நாற்பத்தொரு சென்டிமீட்டர்.

உறைந்த கடல்மேல் பாதை அது.
தீவிலிருந்து பள்ளிப் பேருந்து ஏழே காலுக்கு.

இல்போ துளைக்கருவியை வண்டியில் எறிந்துகொண்டு போனான்.
ஓவ்லு அலுவலகத்தில், கோட்டைக் கழற்றாமலே,
பதிவின் கடைசி வரிகளைப் படித்தேன்.
தூங்கப் போகிறேன், தூங்கப் போகிறேன் என்று
எல்லாச் சாதனங்களும் முறையாகச் சொல்லியிருந்தன.
எழுந்தேன் என்று சொல்லத்தான் நாதியில்லை.

செப்டம்பரில் அந்த மரத்தை வரைந்தவள் நான்.
ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரே பெற்றோர்,
ஒரே ஒரு பாயிண்டர்.
பிள்ளைகள் முதலில் தூங்கும், பெற்றோர் பிறகு.
எழும்போது பெற்றோர் முதலில்.
எவ்வளவு ஒழுக்கமான குடும்பம்!
"சாப்பாடு யார் போடுவது?"
அன்றைக்கே கேட்டான் இல்போ.
சிரித்துவிட்டு வெள்ளைப் பலகையை அழித்தேன்.

தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு.
ரேடியோ தொங்குவது ஒரு பஸ்ஸில்.
அதற்கு மின்சாரம் பக்கத்துக் கிளை ரெகுலேட்டரிடமிருந்து.
மரம் பிறப்பை எழுதி வைக்கும்,
கொடுக்கல் வாங்கலை எழுதாது.

ஆகவே கோடு.
வெறும் பாயிண்டராக அல்ல,
தனக்கென்று நினைவகமும் நிலையும் உள்ள ஒரு பொருளாக.
இரண்டு கொக்கி அதற்கு:
ஒன்று கொண்டானின் லிஸ்டில்,
ஒன்று கொடுத்தானின் லிஸ்டில்.
எந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தாலும்
அதே கோடு தெரிய வேண்டும்.
பிறகு ஓர் எண்ணிக்கை, எத்தனை கைகள் பிடித்திருக்கின்றன என்று.
கேபிளைப் பிடுங்கியாயிற்று, பெயரையும் நீக்கியாயிற்று,
ஆனாலும் கடைசிக் கை விடும்வரை
அந்தச் சாதனம் செத்தும் சாகாமல் இருக்கும்.
அவசரப்பட்டுப் புதைத்தால்
எவனோ நாளை அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டுவான்.

தொலைபேசியில் காற்று இரைந்தது.
"துளைத்துப் பார்த்துட்டேன். முப்பத்தெட்டு.
பஸ்ஸை விடலாம்."
"எந்த பஸ்ஸை?" என்றேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"பிள்ளைகள் வருகிற பஸ்ஸை, ராக்கேல்."

பத்து மணிக்கு முதல் நடை.
போகிற கணுவுக்குச் சாம்பல் பூசு,
முடிந்த கணுவுக்குக் கறுப்பு.
சாம்பலிலேயே மறுபடி கால் பட்டால், வளையம்.
பட்டது.

அந்தக் கம்பத்தில் மட்டும் செவ்வாய்க்கிழமை மாற்றிய புதிய போர்டு.
அதில் ரேடியோ தன் படிகத்தைத் தானே வைத்திருக்கிறது,
அதிலிருந்துதான் கிளாக்.
கிளாக் வந்தால் எழுவேன் என்கிறது ரெகுலேட்டர்.
ரெகுலேட்டர் எழுந்தால் எழுவேன் என்கிறது ரேடியோ.
பனிக்கடியில் மூன்று பேர்
நீ முந்தி நீ முந்தி என்று
விடிய விடிய மரியாதை.

மரத்தில் வளையமே வராது என்று பெருமைப்பட்டவள் நான்.
வராமல் இல்லை. எழுத இடமில்லை,
அதனால் தெரியவில்லை.

எந்தக் கோடு பொய் சொல்கிறது?
நான்கு மணி நேரம் தேடினேன், குளிர்ந்த காபியோடு.
மின்னழுத்தத்தை மாற்றத்தான் ரெகுலேட்டருக்குக் கிளாக் வேண்டும்,
எழுவதற்கு வேண்டாம்.
கோட்டை வெட்டவில்லை.
'இருக்கிறது, ஆனால் காத்திருக்காதே' என்று
அதன்மேல் ஒரு குறி.
ஒற்றை பிட்.

புருவத்தில் பனியோடு வந்த இல்போ
நின்றபடியே படித்தான்.
"காரணம் எழுது.
மூணு வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து
சுத்தம் பண்றேன்னு இதைத்தான் முதல்ல துடைப்பான்."
அந்த ஒருத்தன் அவனாகவே இருக்கலாம் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
எழுதினேன்.

இரண்டாம் முறை அவன் கேபிளோடு போனான்.
இருட்டத் தொடங்கியிருந்தது, மணி மூன்றுதான்.
நான்குக்குக் கம்பம் எழுந்தது.
முப்பத்தெட்டு.
தூங்கியது.
ஐந்துக்கும் எழுந்தது.
அதன் பிறகுதான்
கோட்டைக் கழற்றினேன்.