அந்தப் படத்தில் பழம் இல்லை

படத்தில் மழை பெய்கிறது.
எல்லைச் சாவடியில் நிற்கும் தாய்க்கு
நனைவதற்கென்றே வெட்டியதுபோல் தலைமுடி.
மகன் அவளை நிமிர்ந்து பார்க்கிறான்,
எல்லாம் புரிந்த கண்களோடு.
எங்கிருந்தோ ஒரு செல்லோ.

வால்பராய்சோ. செவ்வாய்க்கிழமை. பாதி விலைக் காட்சி.
பக்கத்து இருக்கையில் அம்மா
சத்தமில்லாமல் மிட்டாய்த் தாளைப் பிரிக்கப் பார்த்து
தியேட்டருக்கே கேட்கும்படி பிரிக்கிறாள்.

எங்களுக்கு மழை வாய்க்கவில்லை.
பிப்ரவரி வெயில்,
மெந்தோசாவிலிருந்து காலை ஏழரை மணிப் பேருந்து,
மலைகளெல்லாம் காய்ந்த எலும்பின் நிறம்.
ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவோம் என்றாள்.
ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்புவதற்கு
குளிர்காலக் கோட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை.
ஒன்பது வயதில் சில கணக்குகளை
வாய்விடாமலே போட்டுவிட முடியும்.

அவள் கைப்பையில் ஒரு காகிதம்:
என் மகள் இருபே தன் தாயுடன்
நாடு கடந்து செல்ல எனக்குச் சம்மதம்.
அடியில் அப்பாவின் கையெழுத்து.
அதன் 'ஓ' மட்டும்
துணிக்கடைக் கணக்கு நோட்டில் அம்மா போடும்
சைபரைப் போலவே வாய் மூடாமல் இருந்தது.

படத்தில் வரும் அப்பன் குடிக்கிறான்,
கதவை உடைக்கிறான்.
என் அப்பா எந்தக் கதவையும் உடைத்ததில்லை.
பூட்டுவார்.
சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
நிம்மதியாகத் தூங்கப் போவார்.
எனக்கு மட்டும் பீச் பழத்தை
தோல் அறாமல் ஒரே சுருளாய்
உரித்துத் தருவார்.
இரண்டும் ஒரே கைதான்.

சுரங்கப்பாதைக்கு முன்னால்
பேருந்துப் பையன் எழுந்து நின்று சொன்னான்:
பழம், காய், தேன், பாலாடைக்கட்டி
எது இருந்தாலும் இப்போதே தின்றுவிடுங்கள்.
மறைத்தால் இறக்கிவிடுவார்கள்.

எல்லோரும் தின்றார்கள்.
பேருந்து முழுக்க ஆப்பிள் கடிபடும் சத்தம்.
என் கோட்டின் உள்பையில்
எங்கள் வீட்டு மரத்துப் பீச் ஒன்று இருந்தது.
நான் தின்னவில்லை.

இறக்கிவிடுவார்கள்.
அந்தச் சொல்லைச் சாவடி வரைக்கும்
நாக்கிலேயே வைத்திருந்தேன்.
இறக்கிவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள் அல்லவா?

குடியேற்ற மேசைக்காரர்
சம்மதக் காகிதத்தை ஒருமுறை படித்தார்.
மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார்.
அம்மா தன் கட்டைவிரலை
மற்ற விரல்களுக்குள் ஒளித்துக்கொண்டாள்.
அப்போதுதான் அந்த மஞ்சள் நாய் வந்து
என் முன்னால் உட்கார்ந்தது,
பள்ளியில் விடை தெரிந்த பிள்ளையைப் போல.

பிறகு ஒரே களேபரம்.
ஒரு பெண் கையுறையோடு வந்தாள்.
கோட்டைக் கழற்றச் சொன்னாள்.
என்னம்மா இது, பிள்ளையிடம் கொடுத்தா கடத்துவது என்றாள்.
பின்னால் வரிசை முனகியது.
மேசைக்காரர் எரிச்சலோடு எங்கள் தாள்களைச் சேர்த்து
டொம் டொம் டொம் என்று முத்திரை குத்தி
அவள் பக்கம் தள்ளிவிட்டார்:
இவர்கள் உங்கள் கேஸ்.

பழத்தை நான்காக வெட்டிப் புழு தேடினார்கள்.
இல்லை.
வாளியில் போட்டார்கள்.

அபராதத்துக்கு அம்மா
ஷூவுக்குள் இருந்ததையும் எடுக்க வேண்டியிருந்தது.
நெலிதா பெரால்தா என்று
கல்யாணத்துக்கு முந்தைய பெயரைச் சொல்லி
ரசீது வாங்கினாள்.
சிலே நாடு எங்களுக்குக் கொடுத்த முதல் காகிதம் அது.

இறக்கத்தில் இருபத்தொன்பது வளைவுகள்.
பதினொன்றாவதில் அம்மா வாந்தி எடுத்தாள்.
இருபதாவதில் சிரிக்கத் தொடங்கியவள்
நிறுத்தவே இல்லை.
என் தலையை இழுத்து அணைத்துக்கொண்டு
என் கெட்டிக்காரி, என் கெட்டிக்காரி என்றாள்.
நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றுவரை கிறிஸ்துமஸ் விருந்துகளில்
அந்தக் கதையைச் சொல்கிறாள்:
தூங்குமூஞ்சிப் பிள்ளை, பழத்தை மறந்துபோய்
எங்களைக் காப்பாற்றிவிட்டாள்.
எல்லோரும் கைதட்டுவார்கள்.
நானும் கோப்பையை உயர்த்துவேன்.

திரையில் தடுப்புக் கம்பம் மேலே எழுகிறது.
பையன் தாயின் கையை இறுகப் பிடிக்கிறான்.
அம்மா என் காதருகே சாய்ந்து
அந்தப் பிள்ளைக்கு ஒரு தொப்பி போடக் கூடாதா என்கிறாள்.

அம்மா, அந்தப் பழம்,
என்று தொடங்கினேன்.

என்ன?
என்று திரும்பாமலே கேட்டு
ஒரு மிட்டாயை என் உள்ளங்கையில் அழுத்தினாள்.
எலுமிச்சை.
வாயில் போட்டுக்கொண்டேன்.