சுவரொட்டி

கட்டில் ஓரத்தில் சுவர்
ஒரு முழ உயரத்தில் தேய்ந்து
வெள்ளை போய், உள்ளே செம்மண் தெரிந்தது.
ஈரக் கசிவு என்று
வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.
வாடகையில் இருநூறு குறைக்கச் சொன்னேன்.

யாழ்மொழிக்கு அப்போது இரண்டே கால் வயது.
பெயரில் இருந்த மொழி வாயில் இல்லை.
வைத்த இடத்தில் இருப்பாள்,
ராயக்கோட்டை மண்டியில்
விலை படியாத கூடை மாதிரி.

விடிகாலை முனிரத்னா
ஓசூர் கம்பெனி பஸ் ஏறவும்
பெங்களூரில் தக்காளி இறக்கிவிட்டு
என் டாடா ஏஸ் திரும்பவும் சரியாக இருக்கும்.
பாதித் தூக்கத்தில்
எல்லா அழுகைக்கும் என்னிடம் ஒரே பதில்:
பால் பாட்டில்.
ஒரு நாளைக்கு ஆறு, சில நாள் ஏழு.
பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன குறை
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கன்வாடிக்கு வந்த மெஹராஜ் நர்ஸ்
அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
அப்புறம் என்னைப் பார்த்தார்.
"சுவரைத் திங்கிறாளா?"

வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது.

ரத்தத்தில் ஆறு புள்ளி எட்டு என்றார்கள்.
தக்காளி கிலோ ஆறுக்கும் எட்டுக்கும்
விழுந்து கிடந்த வாரம் அது.
அந்த எண் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொட்டு மருந்து கொடுத்தார்கள்.
பாட்டிலைத் தூக்கிப் போடு என்றார்கள்.
முருங்கைக்கீரை, முட்டை, ராகிக் கூழ்.
கறிக்கடை நசீர் மட்டும்
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"சுவரொட்டி சுட்டுக் குடுங்க.
ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான்,
சனிக்கிழமையே சொல்லி வெக்கணும்."
சுவரை நக்குகிறவளுக்குச் சுவரொட்டி.
சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

மூன்று நாள் துப்பினாள்.
ஊட்டிய கூழில் பாதி என் சட்டையில்.
நான்காம் நாள் மத்தியானம்
டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒளித்த பாட்டிலை
எடுத்துக் கழுவிவிட்டேன்.
பாலும் காய்ந்துவிட்டது.
எப்படியோ
ஊற்றவில்லை.

முதலில் நின்றது சுவர்தான்.
தேய்ந்த இடத்தைச் சுற்றி
பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன்.
பதினைந்து நாள், இருபது நாள்,
கோடு அப்படியே இருந்தது.

பிறகு ஒரு நாள்
ஆரன் சத்தத்துக்குத் திரும்பினாள்.
பிறகு பத்து நாள் ஒன்றுமே இல்லை.
பிறகு நிறுத்தியிருந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு
பின் டயரிலிருந்து முன் டயருக்கு வந்தாள்.
கைநிறைய கிரீஸ்.

எது செய்தது என்று கேட்டால் தெரியாது.
மருந்தா, கீரையா, நசீர் பாயின் சுவரொட்டியா.
பாட்டிலுக்கு ஒரு கை போதும்,
தூங்கிக்கொண்டே பிடிக்கலாம்.
கூழுக்கு இரண்டு கையும் ஒரு மடியும் வேண்டும்.
வாயைத் திற என்று சொல்ல
முகத்துக்கு நேரே முகம் வேண்டும்.
காக்கா கதை, லாரி கதை,
மண்டியில் எவன் எவனை ஏமாற்றினான் என்ற கதை,
ஒரு கிண்ணத்துக்கு ஒரு மணி நேரம்.
நர்ஸின் சீட்டில் அது எழுதியிருக்கவில்லை.

முனிரத்னாவிடம் சொன்னால்
நம்பியது போலத் தலையாட்டுவாள்.
அவள் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை
ஒன்றும் செய்துகாட்டாது.

போன வெள்ளிக்கிழமை,
கிண்ணத்தில் இன்னும் மூன்று வாய் இருக்கும்.
உதட்டை இறுக்கிக்கொண்டாள்.
என் மணிக்கட்டைத் தள்ளினாள்.
எங்கள் பக்கத்து ஓகாரம் குறையாமல்
"வோணாம்" என்றாள்.

காதில் வாங்காதவன் போல
இன்னொரு வாய் நீட்டினேன்.
"வோணாம்ப்பா."

டீ பிரேக் வரைக்கும் காத்திருந்து போன் போட்டேன்.
"பேசிட்டா."
"என்னன்னு?"
"சோறு வோணாம்னு."

பின்னால் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.
வெகுநேரம் கழித்து முனிரத்னா சொன்னாள்,
"இன்னொரு தடவ குடு."

போனை அவள் வாயருகே வைத்துக்கொண்டு
ஸ்பூனை நீட்டினேன்.