ஒரே ஷிப்ட்

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்
கம்பெனி போர்டில் எழுதியிருந்தார்கள்:
தை வரைக்கும் ஒரே ஷிப்ட்.
சனிக்கிழமைக் கவர் மெலிந்துபோனது.
அதற்குப் பதிலாகச்
சாயங்காலம் ஆறு மணி என்று ஒன்று
எங்கள் லைன் வீட்டுக்குள் வந்தது.

அதை எங்கே உட்கார வைப்பதென்றே
தெரியவில்லை முதல் வாரம்.
பதினாறு வருஷமாகப் பிளாட்லாக் ஓட்டுகிற திருமூர்த்தி
பிளாஸ்டிக் சேரில் டீ குடிக்கும்போது
வலது கால் மட்டும்
இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தது.
"மெதுவாங்ப்பா, நூல் அந்துரும்" என்றான் கவின்.
டீ மூக்கில் ஏறச் சிரித்தார்.

அரைப்பரீட்சை லீவுக்கு ஊட்டி கேட்டாள் தர்ஷிகா.
நாலு பேருக்கு பஸ், சாப்பாடு, ஒரு படகு என்று
நோட்டின் பின்அட்டையில் கூட்டிப் பார்த்து
அவளே அடித்தும் விட்டாள்.
"அங்க என்ன அம்மிணி இருக்குது, குளுருதானே?"
விடியுமுன் எழுப்பி
மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்.
திருப்பூரே தெரியவில்லை.
சாயப்பட்டறைக் குழாய், செல்போன் டவர்,
எல்லாம் மார்கழிக்குள்.
வாய்ப்புகை யாருடையது நீளம் என்று
நாலு பேரும் ஊதினோம்.
கவின் ஊதிய வேகத்தில் அவனுக்கு இருமல் வந்தது.
அதையும் கணக்கில் சேர்க்கச் சொன்னான்.

சந்தையில் பச்சைக் கடலக்காய் ஒரு படி.
உப்புப் போட்டு வேகவைத்து
நடுவில் கொட்டிவிட்டுச் சட்டம் போட்டோம்:
மூணு பருப்புக் காய் எவருக்கோ
அவருக்கு இன்றைக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை இல்லை.
நான் இரண்டைச் சேலை முந்தியில்
நாளைக்கென்று ஒளித்து வைத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

சில நாள் நொய்யல் பாலம் வரை நடை.
தண்ணீர் இன்றைக்கு என்ன நிறம் என்று பந்தயம்.
கறுப்பென்று சொல்பவர் பெரும்பாலும் ஜெயிப்பார்.
அதனால் அந்த விளையாட்டை
நாங்களாகவே விட்டுவிட்டோம்.

பிறகுதான் போர்வை.
செக்கிங்கில் நான் கழித்துப் போட்ட பனியன் துண்டுகள்,
மேஸ்திரியிடம் கேட்டு ஒரு பை.
எந்தத் தேசத்துக் குழந்தைக்கோ அச்சடித்து
கழுத்து விழாமல் போன டைனோசர்,
பாதி வார்த்தை, முக்கால் நிலா.
நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் தையல் விழ வைக்கிறவர்
கையூசியில் நூல் கோக்க முடியாமல்
விளக்குக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தார்.
தர்ஷிகா எச்சில் தொட்டு ஒரே தடவையில் கோத்தாள்.
அன்றிலிருந்து அது அவளுடைய உத்தியோகம்.

பக்கத்து அறை சஸ்மிதா ஒடிசாக்காரி.
அவளுக்கும் எனக்கும் பொதுவான வார்த்தைகள்
மொத்தம் பதினொன்று.
அதில் நாலு மெஷின் பெயர், ஒன்று தண்ணி.
எங்கள் தையலை நின்று பார்த்தாள்.
உள்ளே போய்
நைந்த சேலை ஒன்றை எடுத்துவந்து
அடியில் விரித்துத் தட்டிக் காட்டினாள்:
இப்படி வை, இப்படி ஓட்டு.
இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்
கண்ணை மூடினாள்.
பன்னிரண்டாவது வார்த்தை அது.
அப்புறம் தினமும் ராத்திரி
அவர்கள் மூன்று பேரும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

காப்புக் கட்டுக்குப்
பூளைப்பூவும் ஆவாரம்பூவும் பறித்து வந்த அன்று
போர்டை அழித்து எழுதியிருந்தார்கள்.
நோம்பி முடிந்ததும் ஒன்றரை ஷிப்ட்.
சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.
சிலிண்டர் இருக்கிறது, பள்ளிக்கூட வேன் பாக்கி இருக்கிறது.
சஸ்மிதாவும் விரலை மடித்து மடித்து
ஊருக்கு அனுப்பும் பணத்தை எண்ணினாள்.

போர்வை மட்டும் இன்னும் ஒன்றரை முழம் பாக்கி.

ஒன்பதரைக்கு நாங்கள் வந்து சேரும்போது
பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள்
முடியாத ஓரம் காலில் சிக்கியபடி.
நேற்றுத் தண்ணீர் குடிக்க எழுந்தவள்
சுவரில் ஏதோ மினுங்குவதைப் பார்த்தேன்.
நூல் கோத்த ஊசி ஒன்று,
நுனியில் முடிச்சும் போட்டு,
மாதக் காலண்டரில் குத்தியிருந்தது.
எந்தக் கட்டமென்று கிட்டப் போய்ப் பார்த்தேன்.
ஞாயிறு.