ஐந்து டிகிரி

மதியம் இரண்டுக்கு மின்சாரம் போயிற்று.
அட்டவணைப்படிதான்.
ஜெனரேட்டருக்குத்தான் அட்டவணையில் இல்லாத கோளாறு.
டர்பனின் பிப்ரவரி
ஆய்வகத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

குளிர்பெட்டியில் பதினோரு புழுக்கள்.
போன மே மாதம் மேரியன் தீவிலிருந்து கப்பலில் வந்தவை.
காற்று குடித்தனம் செய்யும் தீவு அது.
அங்கே அந்துப்பூச்சிக்கு இறக்கை பேருக்குத்தான்,
முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட சட்டைக்கை மாதிரி.
பறந்தால் கடலில் கொட்டிவிடும் காற்று.
அதனால் நடக்கிறது.
விளக்கில் விழும் விட்டில் என்று
அதனிடம் யாரும் புத்தி சொல்ல முடியாது.

"ஐந்து டிகிரி, தில்லைவாணி, அதைத் தாண்டவிடாதே"
கேப் டவுனிலிருந்து அனெலீஸ் கத்தினாள்.
தெர்மோகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
மினிபஸ்ஸில் வார்விக் சந்தைக்குப் போனேன்.

மீன்கடை பூபாலன்
பத்து ராண்டுக்கு ஐஸ் உடைத்துத் தந்தான்.
"தூண்டிலுக்கா அக்கா?"

பக்கத்து விரிப்பில் மா-ட்லாமினி
மோபானிப் புழுவைக் குவளையால் அளந்துகொண்டிருந்தாள்.
லிம்போபோ வெயிலில் காய்ந்து சலசலக்கும் கறுப்பு.
ஆறே வாரத்தில் இலையெல்லாம் மொட்டையடித்து
விரல் தடிமனுக்கு வந்துவிடும்.
சட்டிக்குத் தப்பியது மண்ணுக்குள் போய்
மழைக்கு வெளியே வரும்:
உள்ளங்கையை மறைக்கும் இறக்கை,
இறக்கையில் கண்,
தின்ன மட்டும் வாய் கிடையாது.
மூன்று நான்கு இரவு. அவ்வளவுதான்.

மூடியைத் திறந்து என்னுடையதைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தாள்.
"எத்தனை நாளாய் வளர்க்கிறாய்?"
"இது புழுவாகவே வருஷக்கணக்கில் இருக்கும்."
"அப்புறமும் இவ்வளவுதானா?
ஒரு வாய்க்குக்கூடத் தேறாதே, பெண்ணே!"

ஆல்பட்ராஸ் கூட்டுக்கடியில் இவை ஒண்டியிருக்கும் என்றேன்.
பறவை குந்தியிருக்கும் சூட்டில்
வெளியைவிட ஐந்து டிகிரி கூடுதல்,
அதற்காக.
அவள் சிரிக்கவில்லை.
"என் அறையில் நாங்கள் ஆறு பேர்," என்றாள்,
"ஜூலையில் எனக்கும் அது தெரியும்."
ஒரு குவளை வாங்கினேன்.
மேலே ஒரு பிடி போட்டாள்.

திரும்பும் வழியில் மடியில் இரண்டும்.
ஒன்று சலசலத்தது.
ஒன்று பாவாடையெல்லாம் நனைத்தது.
அடைகாக்கும் பறவைபோல உட்கார்ந்தவள்
என் சூடு படாமல் இருக்க
முழங்காலை அகட்டிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.
பக்கத்து ஆள் முறைத்தார்.

நாலரைக்கு மின்சாரம் வந்தது.
தூரிகை முனையால் ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
ஒன்பது அசைந்தன.

படிவத்தில் இறப்பு என்ற கட்டம் இருக்கிறது.
அதை இன்று நிரப்பவில்லை.
வருஷக்கணக்கில் வாழ்கிறவை;
அந்த இரண்டும்
கொஞ்சம் யோசிக்கட்டும்.