காலி எடை

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில்
ஒரு எண் எழுதியிருக்கும்.
காலி எடை.
கல்யாணமான புதிதில் சின்னப்பன் காட்டித் தந்தான்:
உள்ளே எவ்வளவு என்று தெரிய
ஒன்றுமில்லாதபோது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

நீலசந்திராவில் லிஃப்ட் இல்லாத நான்காம் மாடிகள் அத்தனையும்
அவன் தோளுக்குத் தெரியும்.
இப்போது அவனுக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள்,
டயாலிசிஸ் அட்டையின் மேல்மூலையில்.
ஐம்பத்தாறரை.
அதற்கு மேல் இருப்பதெல்லாம் தண்ணீர்.

திங்கள், புதன், வெள்ளி.
செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறுவான்,
முதல் நன்மை வாங்கப் போகிற பையன் போல
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
"நீரு எஷ்டு குடித்ரி?" என்பாள் நர்ஸ் சௌபாக்யா.
அவன் என்னைப் பார்ப்பான்.
அளந்து ஊற்றுகிறவள் நான்தானே.

வியாழக்கிழமை மட்டும் எனக்கு.
ஃபேக்டரியில் காலர் தைத்த கையோடு
விவேக்நகர் குழந்தை இயேசுவிடம் போவேன்.
பஸ் பிந்தினால் தமிழ்ப் பூசை முடிந்திருக்கும்,
கன்னடப் பூசையில் மண்டியிடுவேன்.
முழங்காலுக்கு மொழி கிடையாது.

அன்பியக் கூட்டத்தில் லூர்துமேரியக்கா சொன்னாள்:
பாரத்தை அவர் பாதத்தில் இறக்கி வை, பிலோ.
வைத்துப் பார்த்தேன்.
மெழுகுதிரி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்,
சீட்டுக் கடன், அட்வான்ஸில் கழிந்துகொண்டிருக்கும் வாடகை,
மகனின் பி.யு.சி. ஃபீஸ்.
வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டும்போது
எல்லாம் எனக்கு முன்னால் வந்து நின்றன,
வீட்டுக்குப் போகிற பஸ் நம்பர்
அவற்றுக்கும் தெரியும் என்பது போல.

சின்னப்பனிடம் சொன்னேன். சிரித்தான்.
பாதிப் படிக்கட்டில் எவனாவது சிலிண்டரை இறக்குவானா?
இறக்குவது லேசு.
திரும்பத் தூக்கிவிட அங்கே யார் இருக்கிறார்கள்?

தூக்கிவிட.
அந்தச் சொல்லோடு ஒரு வாரம் கிடந்தேன்.
அடுத்த வியாழன் நான் எதையும் இறக்கவில்லை.
மறுபக்கம் நீர் பிடியும் என்றேன்.
தோளுக்கு வரும்வரை போதும்.
இத்தனை சின்னக் கையால் முடியுமா என்றும் தோன்றியது,
ஆனால் அந்தக் கையில்
உலகத்தை அல்லவா உருண்டையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு ராத்திரி.
வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான்
தண்ணீர் அதிகம் சேரும். கரண்ட் வேறு இல்லை.
பாட்டிலில் நான் போட்ட கோடு எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டது.
இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து
பிலோ, தண்ணி, என்றான்.
சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெரிய வெள்ளி கழிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.
சிலுவையில் தொங்கியவரும் கடைசியில் அதைத்தான் கேட்டார்.
எத்தனை வருஷம் அந்த இடத்தில் நின்று கேட்டிருக்கிறேன்,
ஒரு தடவையும் என் தொண்டை வறண்டதில்லை.
அவருக்குக் காடி கொடுத்தார்கள்.
நான் ஃப்ரீசரைத் தடவி
பாதி உருகின ஒரு ஐஸ் கட்டியை
அவன் நாக்கில் வைத்தேன்.
ஆமென் என்றான், விளையாட்டுக்கு.
இல்லை, விளையாட்டுக்கு இல்லை.

காலையில் மெஷின் ஐம்பத்தொன்பதரை காட்டியது.
சௌபாக்யா உதட்டைச் சுழித்துக்கொண்டு எழுதினாள்.
அவன் இறங்கியதும் நான் ஏறினேன், ஏனென்று தெரியாது.
தோளில் ரிப்போர்ட் ஃபைல், போர்வை, சோற்று டப்பா எல்லாம் அடைத்த பை,
கையில் அவன் செருப்பு.
"பேக் கெளகே இடி" என்றாள்.
இருக்கட்டும் என்றேன்.
எண்கள் கொஞ்ச நேரம் ஓடின.
நின்றதா, எவ்வளவு, பார்க்கவில்லை.
அதற்குள் சின்னப்பன்
ஊசி ஏறாத வலது கையை நீட்டி
பையின் மறு காதைப் பிடித்திருந்தான்.