சாய்கோடு

இரவு வேலை. சிறுவர் ஆஸ்பத்திரி, அனுமதி மேசை.
பெயர், வயது, பால், இனம், விலாசம்:
பதினாறு வருடமாக நான் நிரப்பும் கட்டங்கள்.

விலாசத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும்
பிள்ளை படியால் விழுந்ததா,
சுடுதண்ணி ஊற்றிக்கொண்டதா,
இல்லை மற்றதா என்று.
மற்றதற்குச் சாய்கோடு கூட.
27/14/3ஏ, புளூமெண்டால் பக்கம்.
வீட்டுக்குள் வீடு, அதற்குள் ஒரு கதவு.
கோடு ஒவ்வொன்றும் ஒரு சுவர்,
பலகையோ தகரமோ,
சன்னத்துக்கு எல்லாம் கடதாசி.

கறுவாத்தோட்டத்து விலாசத்தில் கோடு கிடையாது.
ஓர் எண், ஒரு வீதி, முடிந்தது.
அதுவும் தோட்டம்தான்,
இவர்கள் இருப்பதும் தோட்டம்தான்.

அபிலாஷினி. வயது ஒன்பது.
இனம் கேட்டேன்.
"கொழும்புன்னு போடுங்க மிஸ்,
மூணு தலமுறையா இங்கதான்."
அந்தக் கட்டத்தில் கொழும்பு எழுத முடியாது.
இந்தியத் தமிழர் என்று எழுதினேன்.
போன மாதம் அதே ஒழுங்கையிலிருந்து ஒரு மலாய்ப் பையன்,
அதற்கு முன் சோனகப் பிள்ளைகள் இரண்டு,
ஒரு சிங்களச் சிறுவன்;
அவன் விலாசத்திலும் மூன்று கோடு.

பாண் ஓட்டோ வரும் நேரமாம்.
பாட்டுக்குப் பின்னால் ஓடி
கிம்புலா பணிஸ் ஒன்று வாங்கி
வாலைக் கடித்தபடி திரும்பியிருக்கிறாள்.
மோட்டார்சைக்கிள். இரண்டு ஹெல்மட்.
அவர்கள் தேடிவந்தவன் குழாயடியில் நின்றான்,
அவனுக்கு ஒரு கீறல் இல்லை.
முதல் சத்தத்துக்கே இவள் குனிந்துவிட்டாளாம்.
அங்கே பிள்ளைகளுக்குத் தெரியும்
எது கோயில் வெடி, எது அது என்று.
குனிந்த உயரத்தில் வந்தது இரண்டாவது.
பாட்டை நிறுத்த
ஓட்டோக்காரனுக்குக் கை வரவில்லை.

கையெழுத்து வைக்குமுன் தாய் குனிந்து,
மெதுவாக:
"நான் சமைக்கிற வீட்டு அட்ரஸ போட்டா
கொஞ்சம் வேகமா பாப்பாங்களா மிஸ்?
கறுவாத்தோட்டம்.
அங்கயும் ஒம்பது வயசுல ஒரு புள்ள இருக்கு."
டாக்டர்மார் விலாசம் பார்ப்பதில்லை என்றேன்.
அது உண்மை.
ஒழுங்கையிலேயே பார்த்து முடித்தாயிற்று,
அதை நான் சொல்லவில்லை.

பொலிஸ்காரருக்குத் தமிழ் வராது,
நானே மொழிபெயர்த்தேன்.
முதல் கேள்வி: தகப்பன் எந்தக் கோஷ்டி?
புறக்கோட்டையில் மிளகாய் மூட்டை தூக்கும் கோஷ்டி
என்று சொல்ல வாய் உன்னியது.
நாட்டாமி என்றேன்.
நாட்டாமி சிங்களத்திலும் நாட்டாமிதான்,
அந்த ஒரு சொல்லுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

ஆறு மணிச் செய்தி:
பாதாளக் குழு மோதலில் சிறுமி காயம்.
மோதல் என்றால் இரண்டு பக்கம் வேண்டும்.
ஒரு பக்கத்தின் கையில் பணிஸ் இருந்தது.

உள்ளே சிவப்பு லயிட் இன்னும் அணையவில்லை.
அவள் சட்டையைப் போட்ட பையிலிருந்து
சீனி கொட்டியிருக்கிறது என் மேசையில்.
வரிசையாக வருகின்றன எறும்புகள்,
சுவர் வெடிப்பால்,
பைல் கட்டுகளுக்கு நடுவால்,
மூன்று திருப்பம் திரும்பி,
வழி யாரிடமும் கேட்காமல்.
துடைக்கத் துணி எடுத்தவள்
வைத்துவிட்டேன்.